நாணயத்தில் முகம் – கடிதம்

அன்புள்ள ஐயா,

வணக்கம். எம்.எஸ்.சுப்புலட்சுமி நூற்றாண்டை ஒட்டி வெளியிடப்பட்ட 100 ரூபாய் நினைவு நாணயத்தை அண்மையில் ஒரு சேகரிப்பாளரிடம் வாங்கினேன். படம் இணைத்திருக்கிறேன். இதைக் கலை என்று சொல்லலாமா, அல்லது வெறும் அரசாங்கச் சடங்குதானா? கம்ப்யூட்டரே எல்லாவற்றையும் செதுக்கிவிடும் காலத்தில் செதுக்குபவருக்கு என்ன வேலை? பத்தாவது படிக்கும் என் மகன் முகங்களை நன்றாக வரைவான். இந்தத் துறைக்கு அவனை அனுப்பலாமா? நாணயத்தின் விலை பின்னாளில் ஏறுமா?

எல்., மாட்டுங்கா

அன்புள்ள எல்.,

நீங்கள் அனுப்பிய படத்தில் பெட்டிதான் இருக்கிறது. நீல வெல்வெட், பிளாஸ்டிக் மூடி, மூடியின் மேல் உங்கள் வீட்டு டியூப்லைட்டின் வெள்ளைக் கோடு. முகத்தைக் காணோம். 44 மில்லிமீட்டர் அகலம், 35 கிராம் எடை, அதில் பாதி வெள்ளி. நாம் அன்றாடம் புழங்கும் காசில் ஒரு முகத்துக்கு இத்தனை பெரிய உலோகப் பரப்பு கிடைக்காது. மூடியைத் திறக்காமலேயே இது கலையா என்று என்னைக் கேட்கிறீர்களே, நியாயமா?

விலை ஏறுமா என்பதைச் சொல்ல வேறு ஆட்கள் இருக்கிறார்கள். அவர்களிடம் போங்கள்.

உங்களுக்கு உடனே பதில் எழுத ஒரு காரணம் உண்டு. சென்ற வாரம்தான் மும்பை ஃபோர்ட்டில் இருக்கும் ரிசர்வ் வங்கியின் அருங்காட்சியகத்துக்குப் போய் வந்தேன். அன்றிலிருந்து காசில் உள்ள முகங்களே மனதில் ஓடிக்கொண்டிருக்கின்றன. 1906-இல் நாசிக் அருகே ஜோகல்தம்பியில் ஒரு புதையல் கிடைத்தது. 13,000-க்கும் மேற்பட்ட வெள்ளிக் காசுகள், எல்லாம் மேற்கு இந்தியாவை ஆண்ட க்ஷத்ரப வம்சத்து அரசன் நகபானனுடையவை. அவனை வென்ற சாதவாகன அரசன் கௌதமிபுத்திர சாதகர்ணி அவற்றில் பெரும்பாலானவற்றின் மேல் தன் முத்திரையை அடித்திருக்கிறான். அப்படியும் பல காசுகளில் முத்திரைக்கு அடியிலிருந்து தோற்றவனின் முகம் எட்டிப் பார்க்கிறது. அது பக்கவாட்டு முகம். இரண்டாயிரம் ஆண்டு பழைய, இரண்டு கிராம் எடையுள்ள காசில் ஒரு முகம் நிற்கிறதென்றால் செதுக்கியவனுக்கு ஏதோ தெரிந்திருக்கிறது.

என்ன தெரிந்திருக்கிறது என்பதைச் சொல்கிறேன். பொறுமையாகக் கேளுங்கள். இதை நான் பலரிடம் சொல்லிச் சலித்தாயிற்று.

புகைப்படத்தில் முகம் ஒளியாலும் நிழலாலும் ஆனது. மூக்கின் இடப்பக்கம் கறுத்திருந்தால் ஸ்டூடியோக்காரர் விளக்கை வலப்பக்கம் வைத்தார் என்றுதான் பொருள், அங்கே பள்ளம் இருக்கிறது என்றல்ல. நாணயத்திலோ மேடும் பள்ளமும் மட்டுமே உண்டு. நிழலை உங்கள் வீட்டு ஜன்னல்தான் போடும், அதுவும் நீங்கள் நாணயத்தைச் சாய்க்கச் சாய்க்க மாறிக்கொண்டே இருக்கும். புகைப்படத்தின் நிழலைப் பள்ளமாக வெட்டியவர் அந்த ஸ்டூடியோ விளக்கையும் சேர்த்து உலோகத்தில் அடித்துவிடுகிறார். பிறகு எந்த வெளிச்சத்தில் பிடித்தாலும் கன்னம் அம்மைத் தழும்பு விழுந்ததுபோல் இருக்கும். பெரிய மனிதர்களுக்கு நாம் வெளியிட்ட நாணயங்களில் எத்தனை முகங்கள் இப்படி வீங்கிக் கிடக்கின்றன என்று எடுத்துப் பாருங்கள்.

நேரே பார்க்கும் முகத்தில் இன்னொரு தொல்லை. மூக்குதான் எல்லாவற்றையும்விட முன்னால் வரவேண்டும். ஆனால் நாணயத்தில் கிடைக்கும் உயரமோ ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. கூட்டிச் செதுக்கினால் அச்சு ஒரே அடியில் விழாது, காசுகளையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்க முடியாது. இங்கிலாந்தின் எட்டாம் ஹென்றி வெள்ளிக் காசில் செம்பைக் கலந்தான், தன் முகத்தையும் நேராகப் போட்டான். புழங்கப் புழங்க முதலில் தேய்ந்தது மூக்கு. அதன்வழியே செம்பு சிவப்பாக வெளியே வர, ‘செப்பு மூக்கன்’ என்று ஜனங்கள் பெயர் வைத்துவிட்டார்கள். பக்கவாட்டு முகத்தில் இந்த வம்பே இல்லை. மூக்கு அங்கே ஒரு கோடு. நெற்றியிலிருந்து தாடை வரை ஓடும் அந்த ஒரே கோட்டில் ஆள் வந்துவிடுவார். 1969-இல் வந்த காந்தி நூற்றாண்டு நாணயத்தைக் கையில் எடுத்துப் பாருங்கள். இடப்பக்கம் பார்க்கும் தலை. எழுத்தையெல்லாம் விரலால் மறைத்தாலும் யாரென்று குழந்தை சொல்லும்.

இதையெல்லாம் நான் புத்தகத்தில் படிக்கவில்லை. என் அப்பா கால்பாதேவியில் ஒரு கடையில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தார். அந்தச் சந்திலேயே கும்பகோணத்துப் பத்தர் ஒருவர் பதக்கங்களுக்கு அச்சு வெட்டிக்கொண்டிருந்தார். பெரும்பாலும் பள்ளி விளையாட்டு விழாப் பதக்கங்கள், எப்போதாவது கம்பெனி வெள்ளிவிழா. எஃகுத் துண்டில் எல்லாவற்றையும் தலைகீழாகக் குடையவேண்டும். மேடு வரவேண்டிய இடத்தில் பள்ளம், வலப்பக்கம் இடப்பக்கமாக. கொஞ்சம் வெட்டுவார், மெழுகை உருட்டி அழுத்தி எடுப்பார், ஜன்னலுக்குப் போய்ச் சாய்த்துச் சாய்த்துப் பார்ப்பார், திரும்ப வந்து ஒரு மயிரிழை வெட்டுவார். ஒருமுறை காலமான முதலாளி ஒருவரின் படத்தைக் கொண்டுவந்தார்கள். பாதி முகம் இருட்டில் இருந்த ஸ்டூடியோ படம். பத்தர் அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, “அவருடைய பிள்ளைகளில் யாருக்கு அப்பாவின் காது?” என்று கேட்டார். மறுநாள் இரண்டாவது மகன் வந்து மணிக்கணக்காகப் பக்கவாட்டில் உட்கார்ந்திருந்தார். நான் எட்டிப் பார்க்கப் போய்த் தலையில் ஒரு குட்டு வாங்கினேன். வெளிச்சத்தை மறைத்துவிட்டேனாம்.

கம்ப்யூட்டர் என்று பயப்படுகிறீர்கள். பெரிய மாதிரியைத் தடவித் தடவி எஃகில் சிறிதாக வெட்டும் இயந்திரம் 19-ஆம் நூற்றாண்டிலேயே வந்துவிட்டது. அது சிறிதாக்கும், அவ்வளவுதான். மாதிரி அசடாக இருந்தால் நாணயமும் சின்ன அசடாக இருக்கும். இன்று களிமண்ணுக்குப் பதிலாகத் திரை வந்திருக்கிறது, வேறென்ன?

ஆனால் எம்.எஸ். விஷயத்தில் என் வாதம் கொஞ்சம் ஆடிப்போகிறது என்பதையும் சொல்லவேண்டும். அவருக்கு மூக்கின் இரண்டு பக்கமும் வைரம். பக்கவாட்டில் செதுக்கினால் ஒன்று போய்விடும். அதுமட்டுமா, வைரத்தின் மின்னலைச் செதுக்க முடியாது. எந்தக் கோணத்திலாவது வெளிச்சம் பட்டுத் தெறிக்கும்படி ஒரு சிறு பட்டையை வெட்டிவைக்கலாம், அதுவும் கை தேர்ந்தவரால்தான் ஆகும். உங்கள் நாணயத்தில் அந்த மூக்குத்திகளை என்ன செய்திருக்கிறார்கள்? உருண்டைப் பொட்டாக விட்டுவிட்டார்களா, பட்டை இருக்கிறதா? டியூப்லைட்டை அணைத்துவிட்டுக் காலையில் ஜன்னலோரம் வைத்துப் பார்த்து எனக்கு எழுதுங்கள். விளிம்பில் மட்டும் பிடியுங்கள், முகத்தில் விரல் படவேண்டாம்.

மகனைத் துறைக்கு அனுப்புவதெல்லாம் இருக்கட்டும் அம்மா. முதலில் ஒரு கிலோ களிமண் வாங்கிக் கொடுங்கள். செல்போன் படத்தைப் பார்த்துச் செய்யக்கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டு, அவன் எதிரில் பக்கவாட்டில் உட்காருங்கள். அரைமணி நேரமாவது அசையாமல் இருக்கவேண்டும், உங்களால் முடியுமா என்பதுதான் என் சந்தேகம்.

அன்புடன்