அம்மம்மாவுக்கு ஒரு கல்வெட்டு: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: அம்மம்மா போன வாரம் காலமானார். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியைக்குக் கல்வெட்டு (நினைவு மலர்) எழுதும் பொறுப்பு என்னிடம். இடப்பெயர்வில் பத்திரங்கள் எல்லாம் போய்விட்டன. பிறந்த திகதிகூட நிச்சயமில்லை. மாதிரிக்குப் பார்த்த கல்வெட்டுகளோ ஒன்றைப்போலவே மற்றதும் இருக்கின்றன. எங்கே தொடங்குவது?
- வாசகி, கோண்டாவில்

பதில்: முதலில் அவரது அடையாள அட்டையை எடுங்கள். பழைய ஒன்பது இலக்க அட்டை என்றால் முதல் இரண்டு இலக்கம் பிறந்த ஆண்டு. அடுத்த மூன்றும் அந்த ஆண்டின் எத்தனையாவது நாள் என்பது. பெண்களுக்கு அந்த நாளோடு 500 கூட்டியிருக்கும். 41518 என்று தொடங்கினால் 1941 ஜனவரி 18. பெப்ரவரிக்கு எப்போதும் 29 நாள் என்று வைத்தே எண்ண வேண்டும்.

சாதகக் குறிப்பு அகப்பட்டால் ஒப்பிட்டுப் பாருங்கள். இங்கேதான் பலர் ஓராண்டு பிசகுகிறார்கள். உதாரணமாக, விக்கிரம வருடம் 1940 சித்திரையில் பிறந்தது. அந்த வருடத்துத் தையும் மாசியும் பங்குனியும் 1941 இலேயே வரும். 'விக்கிரம, தை' என்று கண்டவுடன் 1940 என்று எழுதிவிடாதீர்கள்.

மற்றத் திகதிகளுக்கு அவருடைய சகோதரங்களைக் கேளுங்கள். எந்த ஆண்டு என்று கேட்டால் பதில் வராது. '64 புயலுக்கு மூத்தவர் பிறந்திட்டாரோ?', 'நூலகம் எரிஞ்ச நேரம் எந்த வீட்டில இருந்தனீங்கள்?', '95 ஒக்டோபர் இடப்பெயர்வில ஆரோட நடந்து போனவ?' என்று கேளுங்கள். கதை தானாக வரும். யாழ்ப்பாண நூலகம் எரிந்தது 1981. இருவர் தனித்தனியே சொன்னது ஒத்துவந்தால் ஆண்டைப் போடுங்கள். ஒத்துவராவிட்டால் 'அறுபதுகளின் நடுப்பகுதியில்' என்று விடுங்கள்.

கல்வெட்டுகள் ஒன்றுபோல இருப்பதற்குக் காரணம், பழைய பிரதியில் பெயரை மட்டும் மாற்றுவதுதான். அதிலும் பெண்கள் பாவம்: இன்னாரின் மகளாகப் பிறந்தார், இன்னாரைக் கைப்பிடித்தார், இத்தனை பிள்ளைகளைப் பெற்றார், விருந்தோம்பலில் சிறந்தார். அவ்வளவோடு முடிந்துவிடும். உங்கள் அம்மம்மா செய்த வேலையை எழுதுங்கள். வெங்காயத் தறையில் நின்றவரா, சீட்டுப் பிடித்து மகளின் படிப்புக்குக் கட்டியவரா, ஆடு வளர்த்தவரா? வாயில் வந்த சொல்லை அவர் சொன்னபடியே போடுங்கள். 'சாப்பிட்டியோ' என்று கேட்காமல் 'என்ன சாப்பிட்டனி' என்று கேட்பவராக இருந்தால் அந்த ஒரு வரியே பூட்டப்பிள்ளைக்கு அவரைக் காட்டிவிடும்.

அவர் கைப்பக்குவத்தைச் சேர்க்க விரும்பினால் அவர் அளக்கப் பாவித்த சுண்டுப் பேணியிலேயே அளந்து, கிராமிலும் நிறுத்து எழுதுங்கள். கறித்தூள் என்றால் அளவு மட்டும் போதாது, வறுத்த வரிசையும் வேண்டும். வெந்தயம் கருகினால் தூள் முழுவதும் கசக்கும்.

வம்சாவளியை ஒருவர் தனியாக எழுதவே கூடாது. ஒவ்வொரு கிளையிலும் ஒருவருக்கு அவர்களின் பகுதியை அனுப்பி, பெயரும் எழுத்தும் சரியென்று பதில் வாங்குங்கள். கல்வெட்டால் வரும் மனக்கசப்பில் பெரும்பகுதி விடுபட்ட ஒரு மருமகளின் பெயரால் வருவதே.

கேள்வி: அம்மா ரொறன்ரோவில் மாலை 6 மணிக்குக் காலமானார். கல்வெட்டில் இறந்த திதியைச் சொல்லும் திதி வெண்பாவுக்கு எந்த நாளைக் கொடுப்பது?
- வாசகர், கனடா

பதில்: சந்திரன் சூரியனை விட்டு 12 பாகை விலகும் காலமே ஒரு திதி. அது முடியும் கணம் உலகம் முழுவதற்கும் ஒன்று. ஆகவே ஊர்ப் பஞ்சாங்கத்தைப் பார்ப்பதானால் நேரத்தை மாற்றிவிட்டுப் பாருங்கள்: குளிர்காலத்தில் பத்தரை மணி, கோடைகால நேரத்தில் ஒன்பதரை மணி கூட்ட வேண்டும். குளிர்கால மாலை 6 மணி என்றால் இலங்கையில் மறுநாள் அதிகாலை 4.30. வாக்கியப் பஞ்சாங்கத்துக்கும் திருக்கணிதப் பஞ்சாங்கத்துக்கும் திதி முடிவு சில மணி நேரம் வேறுபடலாம்; உங்கள் குடும்பக் குருக்கள் பாவிப்பதையே பின்பற்றுங்கள். வெண்பாவில் வருடம், மாதம், பக்கம், திதி நான்கும் இருக்கிறதா என்று பாருங்கள். பூர்வபக்கமா (வளர்பிறை) அபரபக்கமா (தேய்பிறை) என்பது விடுபட்டால், பிற்காலத்தில் திவசம் அரைமாதம் தள்ளிப்போகும்.

கேள்வி: அப்பம்மாவின் ஒரே படம் கடவுச்சீட்டு அளவுப் படம். கல்வெட்டின் முன் அட்டைக்குப் பெரிதாக்கலாமா? அச்சகத்துக்கு என்ன சொல்ல வேண்டும்?
- வாசகர், வவுனியா

பதில்: பெரிதாக்கலாம். கைபேசியில் படம் பிடிக்காமல் 1,200 டிபிஐயில் ஸ்கேன் செய்யுங்கள். அச்சுக்கு 300 போதும் என்பதால் நான்கு மடங்கு பெரிதாக்கலாம். 35 மில்லிமீற்றர் அகலப் படம் 14 சென்ரிமீற்றராகும், ஏ5 அட்டைக்கு அநேகமாகப் போதும். வட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக அனுப்பினால் தரம் குறையும், கோப்பாக அனுப்புங்கள். கண்ணாடியோடு ஒட்டிய படத்தை உரிக்க வேண்டாம், கண்ணாடியோடேயே ஸ்கேன் செய்யுங்கள்.

நடுவில் கம்பி அடிக்கும் புத்தகத்தில் பக்கங்கள் நான்கின் மடங்காக இருக்க வேண்டும். நீங்கள் யூனிகோடில் தட்டச்சு செய்ததை அச்சகம் பாமினி என்ற பழைய எழுத்துருவுக்கு மாற்றினால் ஆங்கில எழுத்துச் சொற்கள் தமிழ்க் கிறுக்கலாக மாறும். அவற்றையும் பெயர்களையும் தாளில் அச்சிட்டு மெய்ப்புப் பாருங்கள். இருபதாம் நாளுக்குள் கொடுத்தால்தான் இரண்டு முறை பார்க்க நேரம் கிடைக்கும். பணம் கட்டும்போதே பிடிஎஃப் கோப்பையும் கேட்டு வாங்குங்கள். 'நூலகம்' என்ற இணைய ஆவணகத்தில் நினைவு மலர்களையும் சேர்க்கிறார்கள், ஒரு பிரதியை அங்கேயும் கொடுக்கலாம்.