வாசலில் வைத்த செருப்பு

அன்புள்ள அம்மாவுக்கு, ஸ்தோத்திரம்.

எனக்கு வயது 61. குன்னூர் பக்கம் ஒரு சரிவில் எங்கள் வீடு. பள்ளியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். சபையில் எல்லாருக்கும் நான் டீச்சரம்மா. யாருக்குக் காய்ச்சல் என்றாலும், யார் வீட்டில் சண்டை என்றாலும் ஜெபிக்க என்னைத்தான் கூப்பிடுவார்கள்.

2009 நவம்பரில் நீலகிரியில் மண்சரிவு வந்து 40-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்களே, அப்போது எங்கள் வீட்டுக்குக் கீழே இருந்த தேயிலைக்காடு நடுராத்திரியில் சரிந்தது. எங்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. அதைச் சபையில் பல தடவை சாட்சியாகச் சொல்லியிருக்கிறேன். பயம் என்று ஒன்று இருந்ததாக நினைவில்லை. 2024 ஜூலையில் கேரளத்து வயநாட்டில் முண்டக்கை, சூரல்மலை மண்சரிவுப் படங்களைப் போனில் பார்த்த பிறகுதான் ஆரம்பித்தது. தகரத்தில் மழை விழுந்தாலே நெஞ்சு படபடக்கிறது. தூக்கமில்லை. வாசலில் செருப்பை எடுத்து வைப்பேன். ரேஷன் கார்டு, பென்ஷன் புத்தகம், டார்ச் எல்லாம் ஒரு பையில். விடிவதற்குள் அத்தனையையும் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிடுவேன். மருமகள் பார்த்துவிடக் கூடாது.

போன ஐப்பசியில், பெண்கள் ஜெபக்கூட்டத்தில் கைக்குழந்தைக்காரி ஒருத்தி, "மழை பெய்தா பயமா இருக்கு டீச்சர்" என்று அழுதாள். "விசுவாசிக்கு என்ன பயம்? பைபிள்ல 365 தடவை பயப்படாதேன்னு போட்டிருக்கு" என்று எல்லார் முன்னாலும் அவளைக் கடிந்துகொண்டேன். அப்புறம் அவள் கூட்டத்துக்கு வரவேயில்லை. அன்று ராத்திரியும் நான் செருப்பை எடுத்து வைத்தேன்.

எனக்கு விசுவாசமே இல்லையா? இத்தனை வருடமும் நடிப்புத்தானா?

– பெயர் வேண்டாம்

அன்புள்ள டீச்சரம்மாவுக்கு,

செருப்பை எடுத்து வைத்ததில் ஒரு தப்பும் இல்லை. வடகிழக்குப் பருவமழையில் அதிகம் நனைவது குன்னூர், கோத்தகிரி பக்கத்துச் சரிவுகள்தான். நாள்கணக்கில் நீர் குடித்த மண் கனத்து, பிடிப்பு விட்டு இறங்கும். அது உங்கள் கற்பனை இல்லை. தவிர, மலை சரிந்த சத்தத்தை ஒரு தடவை கேட்ட உடம்பு, மறுபடி பலத்த மழை கேட்டால் நீங்கள் யோசிப்பதற்கு முன்னாலேயே எழுந்து உட்கார்ந்துவிடும். விசுவாசத்திடம் அனுமதி கேட்டுக்கொண்டு அது வருவதில்லை. 15 வருடம் சும்மா கிடந்துவிட்டு ஒரு படத்தைப் பார்த்ததும் கிளம்புவதும் நாங்கள் அடிக்கடி பார்க்கிற விஷயம்.

அந்த 365 கணக்கை விட்டுவிடுங்கள். எண்ணிப் பார்த்தால் வராது. காலண்டருக்குத் தோதாக யாரோ சொன்னது. 56-ஆம் சங்கீதம், 3-ஆம் வசனத்தை எடுங்கள். பயப்படுகிற நாளில் உம்மை நம்புவேன் என்கிறது. நம்பிக்கை வந்ததால் பயம் போய்விட்டது என்று அந்த வரியில் இல்லை. இரண்டும் ஒரே நாளில் இருக்கின்றன. பவுல் இன்னும் ஒரு படி மேலே போய், தான் பிரசங்கம் செய்த அதே கொரிந்து சபைக்கே, பயத்தோடும் மிகுந்த நடுக்கத்தோடும் உங்களிடம் இருந்தேன் என்று எழுதினார். ஜனங்கள் என்ன நினைப்பார்கள் என்று கடிதத்தைக் கட்டிலுக்கு அடியில் தள்ளவில்லை.

உங்களை உறுத்த வேண்டியது அந்தக் கட்டில்தான். கோபித்துக்கொள்ளாதீர்கள். பையில் உங்கள் பென்ஷன் புத்தகம் இருக்கிறது. மகனுடைய, மருமகளுடைய காகிதங்கள் இருக்கின்றனவா? ராத்திரி உண்மையிலேயே கிளம்ப வேண்டி வந்தால் எந்தப் பக்கம் போவது என்று அவர்களுக்குத் தெரியுமா? பயம் உங்களுக்கு ஒரு நல்ல யோசனையைச் சொன்னது. டீச்சரம்மா என்ற பெயர் அதை வீட்டாரிடம் சொல்லவிடாமல் செய்துவிட்டது. அந்தப் பெண்ணிடம் நீங்கள் கடிந்துகொண்டதும் உங்கள் பயத்தைத்தான் என்று நினைக்கிறேன். அவள் வாயிலிருந்து அது வெளியே வந்தபோது உங்களால் தாங்க முடியவில்லை.

நடிப்பா என்று கேட்டீர்கள். ஜெபித்தது நடிப்பில்லை. ஒளித்தது மட்டும்தான் நடிப்பு.

இதைப் படித்ததும் அடுத்த ஞாயிறு எழுந்து நின்று சாட்சி சொல்லிவிடலாம் என்று தோன்றும். இப்போது வேண்டாம். தாழ்மையைக்கூட மேடையில் அழகாகச் செய்துவிடலாம், உங்களுக்கு அது நன்றாகவே வரும். அந்தப் பெண்ணின் வீட்டுக்குத் தனியாகப் போங்கள். "அன்னைக்கு நான் பேசினது தப்பும்மா. மழை வந்தா எனக்கும் தூக்கம் வராது" என்று சொல்லுங்கள், போதும். வசனம் சொல்லி முடிக்காதீர்கள். அவள் "ஜெபம் பண்ணுங்க டீச்சர்" என்றால், இந்த ஒரு தடவை அவளையே ஜெபிக்கச் சொல்லுங்கள். அவள் முகம் கொடுக்காமலும் இருக்கலாம். எல்லார் முன்னாலும் அவமானப்பட்டவள், அவளுக்கு அந்த உரிமை உண்டு.

தூக்கம் இப்படியே கெட்டுக்கொண்டிருந்தால் அரசு மருத்துவமனையில் மனநல மருத்துவரைப் பாருங்கள். சர்க்கரைக்கு மாத்திரை போடுவதை யாரும் அவிசுவாசம் என்று சொல்வதில்லையே. ராத்திரியில் படபடப்பு தாங்கவில்லை என்றால் 14416-க்குக் கூப்பிடுங்கள், டெலி மானஸ் உதவி எண், தமிழிலேயே பேசலாம். மழை எச்சரிக்கை வந்த நாளில் மண்சரிவு பற்றிச் சந்தேகம் இருந்தால் மாவட்டப் பேரிடர் எண் 1077.

இன்று சாயங்காலம் அந்தப் பையை எடுத்துக் கூடத்தில் வையுங்கள். மருமகள் என்ன அத்தை இது என்று கேட்பாள். சொல்லுங்கள். அவளுடைய செருப்பையும் குழந்தைகளுடையதையும் உங்களுடையதற்குப் பக்கத்தில் எடுத்து வைக்கச் சொல்லுங்கள்.