பால் கக்கும் குழந்தையை மல்லாக்கப் படுக்க வைக்கலாமா? குப்புறப் போடும்படி மாமியார் சொல்கிறார்.

வைக்கலாம், இரவிலும் பகல் தூக்கத்திலும் மல்லாக்கவே படுக்க வையுங்கள். அவ்வாறு கிடக்கும்போது மூச்சுக்குழாய் உணவுக்குழாய்க்கு மேலே இருப்பதால், கக்கிய பாலை ஆரோக்கியமான குழந்தை விழுங்கிவிடும் அல்லது இருமி வெளியேற்றிவிடும். உங்கள் மாமியார் சொல்வதுபோல் குப்புறப் போட்டால்தான் அது மூச்சுக்குழாயின் வாயிலில் தேங்கக்கூடும்.

ஆரோக்கியமாகத் தெரிந்த குழந்தை தூக்கத்தில் எதிர்பாராமல் இறந்துபோவதே திடீர் சிசு மரணம். அதன் முழுக் காரணம் இன்னும் தெளிவாகவில்லை. எனினும், குப்புறக் கிடக்கும் குழந்தை தான் வெளிவிட்ட காற்றையே மீண்டும் சுவாசிப்பதும், உடல் சூடேறுவதும், எளிதில் விழித்துக்கொள்ளாததும் முக்கியமானவையாகக் கருதப்படுகின்றன. பிரித்தானியாவில் 1991இல் மல்லாக்கப் படுக்க வைக்கும் பிரசாரம் தொடங்கிய சில ஆண்டுகளில் இம்மரணங்கள் பாதிக்கும் மேல் குறைந்தன. ஆபத்து மிகுந்த காலம் 2 முதல் 4 மாதம். உங்கள் குழந்தைக்கு இப்போது அந்த வயதுதான்.

நீங்கள் கேட்காவிட்டாலும் சேலையில் கட்டும் தொட்டிலான ஏணையைப் பற்றியும் சொல்ல வேண்டும். அதில் உடல் வளைந்து நாடி (முகவாய்) நெஞ்சில் அழுந்தும், சேலைத் துணி மூக்கை ஒட்டும். ஆகவே தூங்கியதும் உங்கள் அறையிலேயே, தலையணையில்லாத உறுதியான தனிப் படுக்கைக்கு மாற்றிவிடுங்கள். கிழக்கிலங்கையில் நீங்கள் வாழும் களுவாஞ்சிக்குடியின் வெக்கையில் தொப்பியும் போர்வையும் வேண்டாம்: பின்கழுத்தில் விரல் வைத்துப் பாருங்கள், வியர்த்திருந்தால் உடுப்பைக் குறையுங்கள். வீட்டில் எவரும் புகைக்கக் கூடாது.

இவை ஆபத்தைக் குறைக்குமே தவிர முற்றாக நீக்கா. பச்சை நிறமாக வாந்தி எடுத்தாலோ, உதடு நீலம் பாய்ந்தாலோ தாமதிக்காமல் வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்லுங்கள். எடை ஏறாவிட்டால் உங்கள் குடும்பநல உத்தியோகத்தரிடம் (பகுதிக்குரிய அரச மருத்துவமாதுவிடம்) காட்டுங்கள்.