மாத்தூர் பாலத்தில் இரும்புக் குண்டு முந்தியது ஏன்?

தம்பி, மாத்தூர் தொட்டிப்பாலத்தில் இருந்து போட்டதில் பிளாஸ்டிக் பந்தைவிட இரும்புக் குண்டு முந்திவிட்டது, கண்காட்சிக்கு என்ன எழுதுவது என்று கேட்டிருக்கிறீர்கள். காற்றுத் தடை என்றே எழுதுங்கள்; காற்று இல்லாவிட்டால் எடை எதுவானாலும் ஒன்றாகவே விழும் என்ற கலிலியோ தப்பித்துவிடுவார். 115 அடி விழ ஏறக்குறைய 2.7 வினாடிதான், துல்லியம் கிடைக்காது.

இதற்காகத்தான் பிரான்ஸ் 2016இல் மைக்ரோஸ்கோப் என்ற செயற்கைக்கோளை அனுப்பியது. சுமார் 710 கி.மீ. உயரம். உள்ளே டைட்டானியக் கலவை உருளை ஒன்று, அதற்குள் பிளாட்டினக் கலவை உருளை. சுற்றுவதே விழுவதுதான், அதனால் தரை குறுக்கிடாது. இரண்டையும் இடம் பிசகாமல் நிறுத்த எவ்வளவு மின்விசை தேவை என்று அளந்தார்கள்; ஒன்று வேகமாக விழுந்தால் அந்த விசையில் தெரிந்துவிடும். 2022இல் வந்த இறுதி முடிவு: பத்துக் கோடி கோடியில் சில பங்கு வரை பார்த்தும் இரண்டும் விழுவதில் வித்தியாசம் இல்லை.

அப்புறம், பாலத்துக்குக் கீழே ஆள் நடமாட்டம் உண்டு. இனி ஒரே அளவுள்ள இரண்டு பாட்டிலில் மணலும் தண்ணீரும் நிரப்பி, பள்ளி மாடியில் இருந்து போடுங்கள்.