சட்டம் – வாசகர் கேள்விகள்: கடைப் பெயரும் லோகோவும் யாருக்குச் சொந்தம்?

கேள்வி (ஈரோடு வாசகி): ஆறு ஆண்டுகளாக வீட்டிலேயே மசாலாப் பொடி தயாரித்து ஒரே பெயரில் விற்று வருகிறேன். ஜி.எஸ்.டி. பதிவும் உணவுப் பாதுகாப்பு உரிமமும் அந்தப் பெயரில்தான் உள்ளன. சென்ற ஆண்டு தொழில் தொடங்கிய ஒருவர் அதே பெயரை வணிகச் சின்னமாகப் பதிய விண்ணப்பித்திருக்கிறார். நான் பெயரை விட்டுவிட வேண்டுமா?

பதில்: வேண்டியதில்லை, ஆனால் தாமதிக்கவும் கூடாது. நீங்கள் குறிப்பிடும் பதிவுகள் வரி கட்டுவதற்கும் உணவு விற்பதற்கும் உரியவையே தவிர, பெயரின்மீது தனியுரிமை எதையும் தருவதில்லை. உங்களுக்குத் துணையாக இருப்பது முந்திய பயன்பாடு. எதிர்த்தரப்பினர் அப்பெயரைப் பயன்படுத்தத் தொடங்கிய நாள், அதைப் பதிந்த நாள் ஆகிய இரண்டில் எது முந்தியதோ அதற்கும் முன்பிருந்து ஒருவர் அதைத் தொடர்ந்து பயன்படுத்தி வந்தால், பதிவு பெற்றவரும் அவரைத் தடுக்க இயலாது என்று 1999ஆம் ஆண்டின் வணிகச் சின்னங்கள் சட்டத்தின் 34ஆம் பிரிவு கூறுகிறது. ஆகவே, பழைய பில்கள், அச்சகத்தில் பாக்கெட் அடித்த ரசீதுகள் என்று தேதி உள்ள அனைத்தையும் திரட்டுங்கள். அவருடைய விண்ணப்பம் அரசின் வணிகச் சின்ன இதழில் வெளியான நாளிலிருந்து நான்கு மாதங்களுக்குள் எதிர்ப்பு மனு அளிக்க வேண்டும். இந்தக் காலக்கெடு நீட்டிக்கப்படுவதில்லை. கூடவே, முந்திய பயன்பாட்டைக் குறிப்பிட்டு, அதற்கான பிரமாணப் பத்திரத்துடன், மசாலாப் பொருள்கள் அடங்கும் 30ஆம் வகுப்பில் நீங்களும் விண்ணப்பியுங்கள். தனிநபருக்கும் சிறு நிறுவனத்துக்கும் இணையவழிக் கட்டணம் ஒரு வகுப்புக்கு 4,500 ரூபாய். பதிவு கிடைக்கும்வரை பெயருக்கு அருகே டி.எம். (டிரேட் மார்க்) என்று போடலாம், பதிவு பெற்றதைக் குறிக்கும் வட்டத்துக்குள் ஆர் எழுத்தைப் பதிவுக்கு முன்பே அச்சிடுவது சட்டத்துக்குப் புறம்பானது.

கேள்வி (திருப்பூர் வாசகர்): எங்கள் ஆயத்த ஆடை நிறுவனத்துக்கு ஒரு டிசைனர் லோகோ வரைந்து கொடுத்தார், பணமும் பெற்றுக்கொண்டார். இப்போது லோகோவின் உரிமை தன்னுடையது என்கிறார். பணம் கொடுத்தவருக்குத்தானே உரிமை?

பதில்: பெரும்பாலோர் அப்படித்தான் நினைக்கிறார்கள், சட்டம் அவ்வளவு எளிதாக இல்லை. 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி, படைப்பு உருவாகும்போதே உரிமையும் பிறந்துவிடுகிறது. பதிவு கட்டாயம் இல்லை. அந்த உரிமை முதலில் படைத்தவரையே சேரும். சம்பளத்துக்கு உங்களிடம் பணிபுரிபவர் பணியின் பகுதியாக வரைந்தது, வேறு ஒப்பந்தம் இல்லாதவரை, நிறுவனத்துக்கு உரியது. கூலி கொடுத்து எடுக்கச் செய்த புகைப்படத்துக்கும் வரையச் செய்த ஓவியத்துக்கும் 17ஆம் பிரிவு பணம் கொடுத்தவருக்கு இத்தகைய சலுகையைத் தருகிறது. வெளியிலிருந்து ஒருவர் கணினியில் வடிவமைத்த லோகோவை 'ஓவியம்' என்ற சொல்லுக்குள் அடக்க முடியுமா என்று நீதிமன்றத்தில் வாதாடுவதைவிட, ஒரு பக்க ஒப்பந்தம் எழுதுவது மலிவு. உரிமை மாற்றம் எழுத்து வடிவில், கையெழுத்துடன் இருந்தால்தான் 19ஆம் பிரிவின்படி செல்லும். அதிலும் காலம் குறிப்பிடாவிட்டால் ஐந்து ஆண்டுகள், இடம் குறிப்பிடாவிட்டால் இந்தியா மட்டும் என்றே கொள்ளப்படும். ஏற்றுமதி செய்யும் திருப்பூர்க்காரர்களுக்கு இந்த இரண்டாவது விதி வலிக்கும். ஆகவே, அவருடன் பேசி, முழுக் காலத்துக்கும் உலகம் முழுவதற்குமான உரிமை மாற்றத்தை இப்போதாவது எழுதி வாங்குங்கள். அதற்கென ஒரு சிறு தொகை கேட்டாலும் கொடுத்துவிடுவதே என் யோசனை. ஓராண்டுக்குள் பயன்படுத்தாத உரிமை காலாவதியாகிவிடாது என்ற வரியையும் ஒப்பந்தத்தில் சேர்த்துவிடுங்கள்.

கேள்வி (அம்பத்தூர் வாசகர்): சென்னையில் தயாரிக்கும் கடலை மிட்டாயைக் கோவில்பட்டிக் கடலை மிட்டாய் என்ற பெயரில் விற்கலாமா?

பதில்: கூடாது. அது 2020இல் புவிசார் குறியீடு பெற்ற பெயர். அப்பகுதியில் உரிய முறைப்படி தயாரிப்பவர்களுக்கே உரியது. 'பாணி' என்ற சொல்லைச் சேர்த்துத் தப்பிக்கலாம் என்பதும் பாதுகாப்பான வழி அன்று. கடலை மிட்டாய் என்ற பொதுப்பெயரை யாரும் தடுக்க முடியாது; அதற்கு முன்னால் உங்களுக்கென ஒரு பெயரைச் சூட்டி, அதைப் பதிவு செய்துகொள்ளுங்கள்.