இங்கிலாந்தில் உள்ள பழங்காலக் கல்வட்டமான ஸ்டோன்ஹெஞ்சை, ஓக் மர வழிபாட்டுக்காக ட்ரூயிடுகள் (பண்டைய கெல்டிக் மக்களின் பூசாரிகள்) கட்டினார்களா?

இல்லை. அங்குள்ள பெரிய கற்கள் நிறுத்தப்பட்டது ஏறக்குறைய கி.மு. 2500-இல். ட்ரூயிடுகளைப் பற்றிய எழுத்துச் சான்றுகள் அதற்கு இரண்டாயிரம் ஆண்டுகளுக்குப் பிந்தியவை.

அவர்கள்தான் கட்டினார்கள் என்று சொல்லும் கட்டுரை எதையாவது நீங்கள் படித்திருந்தால், அது இரண்டு வேறு கதைகளை ஒட்டுப்போட்டிருக்கும். ட்ரூயிடுகள் ஓக்கையும் அதில் வளரும் புல்லுருவியையும் புனிதமாகக் கருதினார்கள் என்று எழுதியவர் ரோமானியரான மூத்த பிளினி, கி.பி. முதல் நூற்றாண்டில். கல்வட்டம் என்ற பேச்சே அதில் இல்லை. கற்களோடு அவர்களை முடிச்சுப் போட்டவர்கள் 17, 18-ஆம் நூற்றாண்டு ஆங்கிலேயர்களான ஜான் ஆப்ரியும் வில்லியம் ஸ்டக்லியும். ஸ்டக்லிக்கு ட்ரூயிடுகள் மேல் கொஞ்சம் பித்து என்றே சொல்லலாம்.

அப்படிப்பட்ட கட்டுரையில் ஓக் வரும் இடத்திலெல்லாம் சான்று எந்த நூற்றாண்டுடையது என்று பாருங்கள். ஸ்டோன்ஹெஞ்ச் அருகே, பழைய கார் நிறுத்துமிடத்தில் கிடைத்த மிகப் பழைய தூண்குழிகளில்கூட இருந்தது பைன் மரம்தான்.

அதற்காக ஓக்குக்கும் வட்டங்களுக்கும் தொடர்பே இல்லை என்று முடிவு செய்துவிடாதீர்கள். நார்ஃபோக் கடற்கரையில் 1998-இல் வெளிப்பட்ட 'சீஹெஞ்ச்' 55 ஓக் தூண்களால் ஆன வட்டம். நடுவில் ஒரு பெரிய ஓக் அடிமரம், வேர்கள் மேலே பார்க்கும்படி தலைகீழாக. மரவளையங்களை வைத்துப் பார்த்ததில் வெட்டிய ஆண்டு கி.மு. 2049. ஆனால் அது மரவட்டம், கல்வட்டம் அல்ல.