உங்கள் குழுவில் யார் இல்லை?

கேள்வி: எங்கள் ஊர் வெண்ணாற்றுப் பாசனத்தின் கடைமடை. மேட்டூரில் தண்ணீர் திறந்தால் மலர் தூவுவதை எல்லாத் தொலைக்காட்சியும் காட்டுகிறது. எங்கள் வாய்க்காலுக்கு அது வந்து சேர்ந்ததா என்று கேட்கத்தான் ஆள் இல்லை. அதனால் நண்பர்கள் சேர்ந்து ஊருக்கு ஒரு வாட்ஸ்அப் குழுவும் முகநூல் பக்கமும் நடத்துகிறோம். வெளிநாட்டில் இருக்கும் ஊர்க்காரர்கள் பாராட்டுகிறார்கள். ஆனால் ஒன்றும் நடப்பதில்லை. ‘செல்போனைத் தேய்த்தால் தண்ணீர் வருமா’ என்று பெரியவர்கள் கேட்கிறார்கள். தொடர்வதில் பயன் உண்டா?
— ஒரு வாசகர், திருத்துறைப்பூண்டி வட்டம்

பதில்: தொடருங்கள். ஆனால் இப்போது நடத்துகிற மாதிரி அல்ல.

உங்கள் ஆதங்கம் நியாயமானது. அணையில் நீர் இருக்கிற ஆண்டுகளில் ஜூன் 12 அன்று மேட்டூர் திறக்கிறது. மூன்று நான்கு நாளில் கல்லணை. அத்தோடு கேமராக்கள் கிளம்பிவிடுகின்றன. அதன்பிறகு தண்ணீர் தென்பெரம்பூரில் பிரிந்து, நீடாமங்கலம் அருகே மூணாறு தலைப்பில் வெண்ணாறு, கோரையாறு, பாமணியாறு என்று மறுபடியும் பிரிந்து, மதகு மதகாகத் தாண்டி உங்கள் வயலுக்கு வர வேண்டும். நாற்று விடுவதா வேண்டாமா என்று ஊர் தவிப்பது அந்த நாட்களில்தான். செய்தி அங்கேதான் இருக்கிறது, அதை எழுத உங்களை விட்டால் ஆள் கிடையாது.

அதை எப்படி எழுதுகிறீர்கள்? நீங்கள் அனுப்பிய பதிவுகளைப் பார்த்தோம். வெடித்த வாய்க்கால் படம் ஒன்று, ‘அரசே, கண் திறக்குமா?’ என்று ஒரு வரி. எந்த வாய்க்கால், எந்தத் தேதி, எந்த மதகு வரை தண்ணீர் நிற்கிறது என்று எதுவும் இல்லை. ‘இது போன வருஷத்துப் படம்’ என்று அதிகாரி ஒருவர் சொன்னால் உங்களிடம் பதில் கிடையாது. ஒவ்வொரு மழைக்கும் பழைய உடைப்புப் படங்கள் புதிதுபோலச் சுற்றி வருவதைப் பார்க்கிறோம். கை மாறி மாறி வரும் செய்திகளை ஒரு நேரத்தில் ஒரு அரட்டைக்கு மட்டுமே அனுப்ப முடியும் என்று வாட்ஸ்அப்பே 2020இல் கட்டுப்பாடு வைத்தது. தேதியும் இடமும் இல்லாத உண்மையும் அந்தக் குப்பையோடு சேர்ந்துதான் போகும்.

ஒரே மதகு, ஒரே கோணம், ஒரு நாள் விட்டு ஒரு நாள் படம் எடுத்துப் போடுங்கள். கீழே வாய்க்கால் பெயர், எத்தனை ஏக்கர் காத்திருக்கிறது, பாசனப் பிரிவு அலுவலகத்தில் யார் எப்போது சொன்னார்கள், என்ன பதில் வந்தது என்று எழுதுங்கள். வாட்ஸ்அப்பில் மட்டும் போட்டால் மறுநாள் காலை வணக்கங்களுக்கு அடியில் புதைந்துவிடும். முகநூலில் எல்லோரும் பார்க்கும்படி போட்டு வைத்தால் அடுத்த வருஷமும் எடுத்துக் காட்டலாம். மாவட்ட ஆட்சியரின் விவசாயிகள் குறைதீர் கூட்டத்துக்கு அந்தப் பதிவுகளை அச்செடுத்துக்கொண்டு போங்கள். மனு எண்ணைப் பக்கத்தில் போடுங்கள். தண்ணீர் வந்துவிட்டால் அதையும் போடுங்கள். இதைத்தான் அநேகமாக எல்லோரும் விட்டுவிடுகிறார்கள், அதனால்தான் ஒன்றும் நடக்கவில்லை என்ற எண்ணம் ஊருக்கே வருகிறது.

பெரியவர்களிடம் 2023ஐ நினைவுபடுத்துங்கள். ஒன்றிய அரசின் நிலக்கரிச் சுரங்க ஏலப் பட்டியலில் ஒரத்தநாடு பக்கத்து வடசேரியும், மைக்கேல்பட்டியும், சேத்தியாத்தோப்புக்குக் கிழக்குப் பகுதியும் இருந்தன. ஏப்ரல் முதல் வாரத்தில் அந்த ஊர்ப் பெயர்கள் வெளியே வந்ததும் டெல்டா முழுக்கக் கைபேசிகளில் பரவின, எதிர்ப்பு எழுந்தது, சட்டமன்றம் வரை பேசப்பட்டது. ஏப்ரல் 8ஆம் தேதி மூன்றையும் நீக்குவதாக அறிவித்தார்கள். கைபேசி மட்டும் அதைச் செய்துவிடவில்லை. 2020இல் வந்த பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டமும் பல வருஷத்துப் போராட்டங்களும் பின்னால் இருந்தன. ஆனால் ஊர்ப் பெயர் தெரியாமல் ஊர் எழுந்திருக்காது.

சரி, இனி நீங்கள் கேட்காத ஒன்றைச் சொல்ல வேண்டும். உங்கள் குழுவில் யார் யார் இருக்கிறார்கள்?

நீங்கள் அனுப்பிய பதிவுகளில் நடவாள் ஒருவரின் குரல்கூட இல்லை. தண்ணீர், உரத் தட்டுப்பாடு, கொள்முதல் நிலையத்தில் மூட்டைக்குக் கேட்கிற பணம், ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் என்று திருப்பி அனுப்பிய நெல். எல்லாம் எழுத வேண்டியவைதான். எல்லாமே நிலம் உள்ளவரின் செய்தி. நடவு இயந்திரமும் வடமாநிலத்து ஆட்களும் வந்தபிறகு உங்கள் ஊர்ப் பெண்களுக்கு ஒரு சாகுபடிப் பட்டத்தில் எத்தனை நாள் வேலை கிடைக்கிறது? குத்தகைக்குச் சாகுபடி செய்தவருக்கு, சிட்டா அவர் பெயரில் இல்லை என்பதால், வெள்ள நிவாரணம் கிடைத்ததா? காலனிக்குப் போகும் பாதை மழைக்காலத்தில் எப்படி இருக்கிறது? உலகம் உங்கள் ஊரைக் கவனிக்கவில்லை என்று வருந்துகிறீர்கள். உங்கள் குழு உங்கள் ஊரில் பாதியைக் கவனிக்கவில்லை.

இதன் விலையை 2018இல் பார்த்தோம். நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் கரையைக் கடந்தபோது, முன்னேற்பாடு பிரமாதம் என்றுதான் முதல் நாள் செய்திகள் சொல்லின. பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கம் தென்னந்தோப்புகள் மொத்தமாகச் சாய்ந்து கிடந்ததை அந்த ஊர்ப் பிள்ளைகள்தான் படம் படமாக வெளியே கொண்டுவந்தார்கள். லாரி லாரியாக உதவியும் வந்தது. அது சாலையோரத்தோடு நின்றுவிடுகிறது, உள்ளே இருக்கிற காலனிகளுக்கு வரவில்லை என்ற குமுறலும் அப்போதே கேட்டது. பட்டியல் எழுதியவருக்கு யாரைத் தெரியுமோ அவர் பெயர்தான் பட்டியலில் ஏறும்.

அதனால் அட்மின் பொறுப்பில் காலனியிலிருந்து ஒருவரும் நூறு நாள் வேலைக்குப் போகும் பெண் ஒருவரும் கட்டாயம் இருக்கட்டும். எழுதத் தயங்குகிறவர்கள் குரல் பதிவு அனுப்பட்டும், நீங்கள் எழுத்தாக்குங்கள். கூலி பற்றிப் பேசுகிறவரின் பெயரையோ படத்தையோ அவர் சம்மதம் இல்லாமல் போடாதீர்கள், அடுத்த நாள் அவருக்கு வேலை இல்லாமல் போகலாம். சாதிப் பெருமைப் பதிவு வந்தால் யார் போட்டது என்று பார்க்காமல் நீக்குங்கள். அதில் சிலர் கோபித்துக்கொண்டு வெளியேறினால் போகட்டும்.

இந்தக் குறுவைச் சாகுபடிக்கு முதல் நடவு நாளிலிருந்து கடைசி மூட்டை எடை போடுகிற நாள் வரை, வேலை நாளும் கூலியும் சேர்த்து எழுதி வைத்து எங்களுக்கு அனுப்புங்கள். நேரில் வந்து விசாரித்து, இதே பத்திரிகையில் வெளியிடுகிறோம்.